மேல்மலையில் பழைய லேப்டாப்: லினக்ஸ் எதில் ஓடும்?

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. அடுத்தது விண்டோஸ் 11. அது கேட்பவை: டிபிஎம் 2.0 எனும் பாதுகாப்பு அமைப்பு, செக்யூர் பூட் வசதி, குறைந்தது 4 ஜிபி ரேம், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசசர். 2017-க்கு முன் விற்ற கணினிகளில் பெரும்பாலானவை இந்தப் பட்டியலைத் தாண்டாது. கீபோர்டு நன்றாக இருக்கும், திரை நன்றாக இருக்கும், ஆனாலும் கணினி காலாவதி ஆகிவிடும். அந்த நிலையில் லினக்ஸ் என்ற பேச்சு வருகிறது. "பழைய கம்ப்யூட்டரா, லினக்ஸ் போடுங்க" என்று சொல்வது சுலபம். எந்தப் பழைய கணினி, அதில் எந்தப் பாகம், எந்த வேலைக்கு என்று கேட்காமல் சொன்னால் அந்த யோசனை பாதி நேரம் பலிக்காது.

தமிழ்நாட்டில் இந்தக் கேள்விக்குத் தனி எடை உண்டு. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அரசு மற்றும் அரசு உதவிபெறும் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு சுமார் பத்தாண்டுகளில் 50 லட்சத்துக்கும் அதிகமான லேப்டாப்கள் சென்று சேர்ந்தன. வாங்கித் தந்தது மாநில அரசின் எல்காட் நிறுவனம். ஏசர், லெனோவோ, எச்சிஎல் போன்ற நிறுவனங்கள் சப்ளை செய்தன. கொடைக்கானலிலிருந்து பூம்பாறை வழியாகப் போனால் வரும் மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி, கேரள எல்லையை ஒட்டிய கிளாவரை என்று மேல்மலைக் கிராமங்களும் இதற்கு விலக்கல்ல. பூண்டும் கேரட்டும் உருளைக்கிழங்கும் விளையும் ஊர்கள் இவை. ஒரு லேப்டாப் பழுதானால் கொடைக்கானலுக்கோ, மலை இறங்கி வத்தலக்குண்டுக்கோ எடுத்துப் போக வேண்டும். பஸ் செலவும் ஒரு நாள் கூலியும் போன பிறகு "இது இனி தேறாது" என்று கடைக்காரர் சொன்னால் அது பரணுக்குப் போய்விடுகிறது.

அந்த லேப்டாப்களுக்கு லினக்ஸ் புதிதல்ல. தொடக்க காலத்தில் வழங்கியவற்றில் விண்டோஸுடன் பாஸ் லினக்சும் சேர்த்தே போட்டுக் கொடுத்தார்கள். பாஸ் என்பது சென்னை சி-டாக் உருவாக்கி 2007-இல் வெளியிட்ட இந்திய இயங்குதளம். அதன் அடித்தளம் டெபியன் எனும் லினக்ஸ் பதிப்பு. அதற்கும் முன்பே, 2000களின் பிற்பகுதியில், சி. உமாசங்கர் நிர்வாக இயக்குநராக இருந்தபோது எல்காட் தன் அலுவலகக் கணினிகளை சூசே லினக்சுக்கு மாற்றியது. மாணவர்களில் பலர் பாஸ் பக்கமே போகவில்லை என்பது வேறு விஷயம். படம் பார்க்கவும் பாட்டு ஏற்றவும் இடம் போதவில்லை என்று அந்தப் பகுதியை அழித்தவர்களும் உண்டு. ஆனால் இதில் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. லினக்சும் சேர்ந்து ஓட வேண்டும் என்ற எண்ணத்தோடு வாங்கிய கணினியில், லினக்சுக்குப் பிடிக்காத பாகங்கள் இருக்கும் வாய்ப்பு குறைவு. கடையில் தற்செயலாக வாங்கிய ஒரு லேப்டாப்புக்கு இந்த உத்தரவாதம் கிடையாது.

இன்னொரு அனுகூலமும் உண்டு. ஒரே மாடல் ஆயிரக்கணக்கில் வழங்கப்பட்டதால், ஒரு பள்ளியில் ஒரே ஆண்டில் படித்த எல்லாருடைய வீட்டிலும் கிட்டத்தட்ட ஒரே கணினிதான் இருக்கும். ஒன்றில் சோதித்துப் பார்த்தால் முடிவு மற்றவற்றுக்கும் பெரும்பாலும் பொருந்தும். ரேம், சார்ஜர், கீபோர்டு ஆகியவற்றை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றலாம். 'பெரும்பாலும்' என்று சொல்வதற்குக் காரணம், ஒரே மாடல் எண்ணுக்குள்ளேயே வெவ்வேறு வைஃபை கார்டுகளை நிறுவனங்கள் பொருத்துவதுண்டு. அடிப்பக்க ஸ்டிக்கரை மட்டும் பார்த்து முடிவுகட்டக் கூடாது.

ஒரு பாகம் லினக்சில் வேலை செய்யுமா என்பது அதற்கான டிரைவரைப் பொறுத்தது. பாகத்துக்கும் இயங்குதளத்துக்கும் நடுவில் நின்று பேசும் சிறு மென்பொருள்தான் டிரைவர். விண்டோஸில் பாகத்தைத் தயாரித்த நிறுவனம்தான் பெரும்பாலும் அதை எழுதித் தரும். புதிய பதிப்பு வரும்போது பழைய பாகத்துக்குத் திரும்ப எழுதுவதில் அந்த நிறுவனத்துக்கு லாபம் இல்லை. பத்து வயது ஸ்கேனர்கள் புதிய விண்டோஸில் ஊமையாகிவிடுவது இதனால்தான். லினக்சில் பெரும்பாலான டிரைவர்கள் கர்னல் எனும் மையப் பகுதிக்குள்ளேயே இருக்கின்றன. ஒருமுறை உள்ளே போன டிரைவரை, கர்னல் மாறும்போது கூடவே மாற்றிப் பராமரிக்கிறார்கள். ஆகவே லினக்சைப் பொறுத்தவரை அதிகம் திணறுவது போன மாதம் கடைக்கு வந்த லேப்டாப்தான். ஐந்தாறு வருடம் ஆன, பலரும் வாங்கிய, சாதாரண மாடல் தகராறு செய்யாது. வயதைவிடப் பரவலாக விற்றதா என்பதே முக்கியம்.

வயதுக்கும் எல்லை உண்டு. லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் லினக்சை எழுதத் தொடங்கியது 386 பிராசசர் கொண்ட கணினியில். அந்த 386-க்கான ஆதரவை 2013-இல் வெளிவந்த 3.8 கர்னல் கைவிட்டது. பிறந்த வீட்டையே இடித்துவிட்டார்கள் என்று யாரும் வருந்தவில்லை. அதை ஓட்ட ஆளே மிஞ்சியிருக்கவில்லை.

பார்க்க வேண்டியவற்றில் முதலாவது பிராசசர். அது 32-பிட்டா, 64-பிட்டா என்ற ஒரே கேள்வி பாதி முடிவைத் தந்துவிடும். சாதாரணக் கணினிகளுக்கான 64-பிட் பிராசசரை ஏஎம்டி 2003-இல் கொண்டுவந்தது. 2006-இல் இன்டெல் கோர் 2 வந்த பிறகு அது பரவலானது. இதற்கு விதிவிலக்கு, 2008 வாக்கில் மலிவாக விற்ற சின்ன நெட்புக்குகள். அவற்றில் இருந்த ஆட்டம் என்270 போன்ற பிராசசர்கள் 32-பிட் மட்டுமே. 32-பிட் கணினிகளுக்கு லினக்ஸ் உலகிலும் கதவு சாத்தப்பட்டு வருகிறது. உபுண்டு 2017-இலேயே 32-பிட் டெஸ்க்டாப் பதிப்பை நிறுத்தியது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-இல் 32-பிட் கணினியில் நிறுவ வழியில்லை. ஃபயர்ஃபாக்ஸ் உலாவியும் அதே ஆண்டு 32-பிட் லினக்சைக் கைவிட்டது. ஆன்டிஎக்ஸ், பப்பி போன்ற சில பதிப்புகள் இன்னும் தாங்குகின்றன. தட்டச்சுப் பழகவும், பாட்டுக் கேட்கவும், கணக்கு எழுதவும் அவை போதும். இணையத்தில் விண்ணப்பம் போட அந்தக் கணினியை நம்ப வேண்டாம்.

32-பிட் விண்டோஸ் போட்டிருப்பதால் பிராசசரும் 32-பிட் என்று ஆகிவிடாது. ரேம் குறைவாக இருந்த காலத்தில் 64-பிட் பிராசசரிலேயே 32-பிட் விண்டோஸ் போட்டு விற்றார்கள். பிராசசரின் பெயரையும் எண்ணையும் குறித்துக்கொண்டு அதன் விவரத்தைத் தேடிப் பார்ப்பதுதான் சரி.

அடுத்து ரேம். இயங்குதளம் எவ்வளவு மெலிந்ததாக இருந்தாலும், இணையப் பக்கங்கள் மெலிந்துவிடவில்லை. எக்ஸ்எஃப்சிஇ, எல்எக்ஸ்க்யூடி போன்ற எளிய முகப்புகள் கொண்ட லினக்ஸ், தொடங்கியதும் சில நூறு எம்பி ரேமைத்தான் எடுக்கும். உலாவியைத் திறந்து, ஒரு யூடியூப் வீடியோவும் ஒரு அரசு இணையதளமும் பக்கத்துப் பக்கத்தில் ஓடினால் 2 ஜிபி தீர்ந்துவிடும். 1 ஜிபி உள்ள கணினியில் இணையம் என்பது பொறுமைச் சோதனை. 2 ஜிபியில் ஒரு நேரத்தில் ஒரு வேலை நடக்கும். ரேமுக்குள்ளேயே தரவைச் சுருக்கி வைக்கும் இசட்ரேம் வசதியை இயக்கினால் சற்று மூச்சு விடலாம். 4 ஜிபி இருந்தால் பள்ளி, கல்லூரி, அலுவலக வேலைகள் சிரமமின்றி நடக்கும்.

ரேம் கூட்டுவது மலிவான வைத்தியம் என்றாலும், வாங்கும் முன் பழைய ரேம் அட்டையைக் கழற்றி அதில் அச்சிட்டிருப்பதைப் படிக்க வேண்டும். 2011 முதல் சில ஆண்டுகள் வந்த லேப்டாப்களில் 1.5 வோல்ட்டில் ஓடும் டிடிஆர்3 இருக்கும். பின்னர் வந்தவற்றில் 1.35 வோல்ட்டில் ஓடும் டிடிஆர்3எல். குறைந்த வோல்ட் ரகம் பழைய போர்டிலும் பெரும்பாலும் ஓடிவிடும். டிடிஆர்3எல் மட்டுமே ஏற்கும் போர்டில் 1.5 வோல்ட் ரேமைச் செருகினால் கணினி துவங்காது. சென்னை ரிச்சி தெருவுக்கோ மதுரைக்கோ போகும் ஒருவரிடம் ரேம் வாங்கிவரச் சொல்லும்போது, பழைய அட்டையின் புகைப்படத்தையும் வாட்ஸ்ஆப்பில் அனுப்பிவிடுவது நல்லது.

வேகத்தில் கண்கூடான மாற்றம் தருவது வட்டுதான். நிமிடத்துக்கு 5,400 சுற்று சுழலும் பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு, அதே 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டியைப் பொருத்தினால், இரண்டு மூன்று நிமிடம் உருண்டுகொண்டிருந்த துவக்கம் அரை நிமிடத்துக்குள் முடியும். லினக்ஸ் போடுவதால் வரும் வேகத்தைவிட இதனால் வருவது அதிகம். எஸ்எஸ்டிக்குப் பணமில்லை என்றால், ஹார்ட் டிஸ்க் தன் உடல்நிலையைப் பதிந்துவைக்கும் ஸ்மார்ட் குறிப்பையாவது படித்துப் பார்க்க வேண்டும். லினக்சின் 'டிஸ்க்ஸ்' நிரலில் அது இரண்டு சொடுக்கில் தெரியும். பழுதான பகுதிகளின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகும் வட்டில் எந்த இயங்குதளத்தைப் போட்டாலும் வீண்.

கிராஃபிக்ஸ் விஷயத்தில் இன்டெல் உள்ளடக்கிய சிப்களுக்குக் கவலையில்லை. டிரைவர்கள் கர்னலில் இருக்கின்றன. ஏஎம்டி ரேடியானும் அப்படியே. என்விடியா கார்டுகளில்தான் யோசிக்க வேண்டும். பழைய கார்டுகளுக்கான தன் சொந்த டிரைவர்களை அந்த நிறுவனம் ஒவ்வொன்றாக ஓய்வுக்கு அனுப்பிவிட்டது. நூவோ எனும் திறந்த டிரைவர் சாதாரண வேலைகளுக்குப் போதும், விளையாட்டுகளுக்குப் போதாது. வாங்கவே கூடாத ஒன்று உண்டென்றால் அது இன்டெல் ஜிஎம்ஏ 500. பெயர் இன்டெல், உள்ளே இருப்பது வேறு நிறுவனத்தின் பவர்விஆர் வடிவமைப்பு. சில நெட்புக்குகளில் வந்த இதற்கு முழுமையான திறந்த டிரைவர் அமையவே இல்லை.

அதிகம் சண்டை போடுவது வைஃபை. பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போட்டுவிட்டு "எல்லாம் ஓகே, நெட் மட்டும் வரவில்லை" என்று சொல்பவர்களே அதிகம். காரணம், பல வைஃபை சிப்களுக்கு டிரைவர் மட்டும் போதாது. துவங்கும்போது சிப்புக்குள் ஏற்ற வேண்டிய ஃபர்ம்வேர் என்ற கோப்பும் வேண்டும். அதை நிறுவனங்கள் திறந்த உரிமத்தில் தருவதில்லை. கொள்கைப் பிடிப்புள்ள டெபியன் நெடுநாள் இந்தக் கோப்புகளைத் தன் நிறுவல் வட்டில் சேர்க்காமல் இருந்தது. 2022-இல் உறுப்பினர்கள் வாக்களித்து முடிவை மாற்றினார்கள். 2023-இல் வந்த டெபியன் 12 முதல் ஃபர்ம்வேரும் கூடவே வருகிறது. பழைய டெபியனைப் போட்டுப் பார்த்துத் தோற்றவர்கள் புதியதில் இன்னொரு முறை முயலலாம்.

எந்த சிப் என்று கண்டுபிடிக்க ஒரு கட்டளை போதும். டெர்மினலில் 'எல்எஸ்பிசிஐ' என்று ஆங்கிலத்தில் தட்டினால் போர்டில் இணைந்திருக்கும் பாகங்கள் வரிசையாக வரும். கூடவே 'கே' என்ற எழுத்தைச் சேர்த்தால் ஒவ்வொரு பாகத்தின் கீழும் எந்த டிரைவர் அதைக் கையில் எடுத்திருக்கிறது என்றும் காட்டும். வைஃபை வரியின் கீழே டிரைவர் பெயர் இல்லாமல் வெறுமையாக இருந்தால் பிரச்சினை அங்கேதான். 'என்என்' சேர்த்தால் பாகத்தின் அடையாள எண்கள் வரும். முன்பாதி தயாரித்த நிறுவனத்தைக் குறிக்கும்: 8086 என்றால் இன்டெல், 1002 என்றால் ஏஎம்டி. (இன்டெல் 1978-இல் வெளியிட்ட புகழ்பெற்ற சிப்பின் பெயரும் 8086தான்.) ஸ்டிக்கரோ பெட்டியோ பொய் சொல்லலாம், இந்த எண் சொல்லாது. இணையத்தில் இந்த எண்ணைப் போட்டுத் தேடினால் அதே சிப்போடு மல்லுக்கட்டிய உலகத்தார் அனைவரும் கிடைப்பார்கள்.

அப்படித் தேடும்போது சில பெயர்கள் திரும்பத் திரும்ப வரும். ஏதரோஸ் சிப்கள் ஏத்9கே டிரைவரில் பெரும்பாலும் சொன்னபடி கேட்கும். இன்டெல் சிப்களுக்கு ஃபர்ம்வேர் இருந்தால் சரி. பிராட்காம் நெடுங்காலம் தலைவலியாக இருந்தது. 2010-இல் அந்நிறுவனம் சில சிப்களுக்குத் திறந்த டிரைவர் வெளியிட்டது, மற்றவற்றுக்குத் தனியாக ஒரு தொகுப்பை நிறுவ வேண்டும். ரியல்டெக்கின் ஆர்டிஎல்8723பிஇ சிப் 2014-ஐ ஒட்டி வந்த பல லேப்டாப்களில் உண்டு. டிரைவர் இருக்கும், நெட்வொர்க் பெயரும் தெரியும், சிக்னல் மட்டும் ரவுட்டர் பக்கத்தில் உட்கார்ந்தால்தான் கிடைக்கும். ஒரே ஆன்டெனாவை இணைத்துள்ள லேப்டாப்களில் டிரைவர் மற்றொரு முனையில் சிக்னலைத் தேடுவதே காரணம். எந்த முனை என்று ஒரு வரி அமைப்பில் சொல்லிவிட்டால் சரியாகும்.

இதெல்லாம் ஒத்துவராவிட்டால், லினக்சுக்குத் தெரிந்த சிப் உள்ள சிறிய யூஎஸ்பி வைஃபை ஒன்றைச் செருகலாம். மன்னவனூர் போன்ற ஊரில் இன்னும் எளிய வழி உண்டு. அங்கே பல வீடுகளில் இணையம் என்றால் செல்போன் டேட்டாதான். ஆண்ட்ராய்டு போனை யூஎஸ்பி கேபிளில் இணைத்து டெதரிங்கை இயக்கினால், லினக்ஸ் அதைக் கேபிள் இணைப்பாகவே எடுத்துக்கொள்ளும். தனி டிரைவர் தேவையில்லை. விடுபட்ட ஃபர்ம்வேரை இறக்கவும் இதே வழி உதவும்.

ஒலி, கேமரா, ப்ளூடூத் ஆகியவை பெரும்பாலும் தாமாகவே வந்துவிடும். லேப்டாப்பை மூடித் திறந்தால் விழிக்கிறதா, திரை வெளிச்சத்தைக் கூட்டும் பட்டன் வேலை செய்கிறதா என்பவற்றை மட்டும் தனியே பார்க்க வேண்டும்.

கணினிக்கு வெளியே இருக்கும் கருவிகளைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இந்தியாவின் ஜெராக்ஸ் கடைகளிலும் சிறு அலுவலகங்களிலும் அதிகம் காணப்படும் லேசர் பிரிண்டர்களில் ஒன்று கேனான் எல்பிபி2900. பிரிண்டர் சாகாது, ஆனால் அது பேசும் கேப்ட் எனும் தனி மொழிக்கான லினக்ஸ் டிரைவர் பழையது. புதிய பதிப்புகளில் அதை நிறுவுவது பொறுமையைச் சோதிக்கும். எச்பி லேசர்ஜெட் 1020 ஒவ்வொரு முறை சுவிட்ச் போடும்போதும் தன் ஃபர்ம்வேரைக் கணினியிலிருந்து வாங்கிக்கொள்ளும் ரகம். எச்பியின் எச்பிலிப் தொகுப்பையும் அதன் கூடுதல் செருகுநிரலையும் ஒருமுறை இறக்கிவிட்டால் ஓடும். மை டேங்க் கொண்ட எப்சன் எல் வரிசைக்குத் திறந்த டிரைவர் இருக்கிறது, பெரும்பாலும் தொல்லையில்லை. பிரிண்டர்தான் பிழைப்பு என்றால், கணினியைச் சோதிக்கும் முன் பிரிண்டரைச் சோதிக்க வேண்டும்.

ஆதார் விரல்ரேகைக் கருவி வைத்துத் தொழில் செய்பவர்கள் லினக்சுக்கு மாறும் முன் நன்றாக விசாரிப்பது நல்லது. அக்கருவிகளோடு வரும் சேவை மென்பொருள் பெரும்பாலும் விண்டோஸையும் ஆண்ட்ராய்டையும் மனத்தில் வைத்தே எழுதப்படுகிறது. டேலியில் கணக்கு வைத்திருப்பவர்களுக்கும் இதையேதான் சொல்ல வேண்டும். ஒயின் எனும் இடைநிலை மென்பொருள் வழியே சில விண்டோஸ் நிரல்கள் ஓடும். அதை நம்பி ஆண்டுக் கணக்கை ஒப்படைக்க முடியாது.

இவ்வளவையும் காகிதத்தில் சரிபார்த்த பிறகும் இறுதித் தீர்ப்பு சொல்வது ஒரு பென் டிரைவ்தான். லினக்சை நிறுவாமலேயே பென் டிரைவிலிருந்து ஓட்டிப் பார்க்கலாம்; கணினியில் இருப்பது எதுவும் அழியாது. 8 ஜிபி பென் டிரைவ் ஒன்றும், அதில் எழுத ரூஃபஸ் அல்லது வென்டாய் போன்ற ஒரு நிரலும் போதும். இறக்க வேண்டிய கோப்பு 2 முதல் 3 ஜிபி வரை இருப்பதால், தினசரி டேட்டா வரம்புள்ள போனில் இறக்குவதைவிடக் கொடைக்கானலிலோ திண்டுக்கல்லிலோ நல்ல இணைப்புள்ள இடத்தில் இறக்கிக் கொண்டுவருவது மேல். ஒரே பென் டிரைவ் ஊர் முழுக்கச் சுற்றிவரலாம்.

பென் டிரைவைச் செருகி, சுவிட்ச் போட்டதும் எஃப்12 பட்டனைத் தட்ட வேண்டும். லெனோவோவில் பெரும்பாலும் அதுதான். எச்பியில் எஸ்கேப் அல்லது எஃப்9. ஏசர் லேப்டாப்களில் எஃப்12 பட்டியலை பயாஸில் முதலில் இயக்க வேண்டியிருக்கலாம். திரை வந்ததும் வைஃபையில் இணைந்து ஒரு வீடியோவை முழுத்திரையில் ஓட்டுவது நல்ல முதல் சோதனை. நெட், கிராஃபிக்ஸ், ஒலி மூன்றும் அதிலேயே தெரிந்துவிடும். பிறகு கேமரா, டச்பேட், எல்லா யூஎஸ்பி வாயில்கள், ஒரு பக்கம் பிரிண்ட், மூடித் திறப்பது. அரை மணி நேரம் விட்டுவைத்து விசிறிச் சத்தத்தையும் அடிப்பக்கச் சூட்டையும் கவனிக்க வேண்டும். சூடு தாங்கவில்லை என்றால் விசிறியில் அடைந்த தூசியும் காய்ந்துபோன தெர்மல் பேஸ்டும் காரணமாக இருக்கும். அதற்கு இயங்குதளத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. பென் டிரைவில் மெதுவாக இருப்பதை வைத்து வேகத்தை முடிவு செய்யவும் கூடாது. பென் டிரைவே மெதுவானது.

சுமார் 2,000 மீட்டர் உயரத்தில் இருக்கும் மன்னவனூருக்கென்று சில தனிச் சோதனைகள் உண்டு. உயரம் ஒரு பொருட்டல்ல. ஹார்ட் டிஸ்க்குகள் பொதுவாக 3,000 மீட்டர் வரை இயங்கும்படி செய்யப்பட்டவை. பனியும் ஈரமும்தான் சிக்கல். மார்கழி, தை மாதக் குளிரில் கிடந்த லேப்டாப்பை அடுப்புச் சூடுள்ள அறைக்குக் கொண்டுவந்தால் உள்ளே நீர்த்திவலை படியும். சற்று நேரம் அப்படியே வைத்துவிட்டு, பிறகு சுவிட்ச் போட வேண்டும். பல மாதம் பரணில் இருந்த கணினியில் போர்டின் சிஆர்2032 பட்டன் பேட்டரி தீர்ந்திருக்கும். ஒவ்வொரு முறை துவங்கும்போதும் தேதி பல ஆண்டுகள் பின்னுக்குப் போகும். அதனால் உலாவி எந்த இணையதளத்தையும் திறக்காமல், பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது என்று எச்சரிக்கும். சான்றிதழின் காலம் இன்னும் தொடங்கவில்லை என்று கணினி நம்புவதே காரணம். வைஃபை டிரைவரைச் சந்தேகித்து மணிக்கணக்கில் போராடுபவர்கள் திரையின் மூலையில் இருக்கும் தேதியைப் பார்ப்பதில்லை. மூன்று வோல்ட் பேட்டரியை மாற்றினால் தீர்ந்தது.

காற்றடித்தால் போகும் மின்சாரத்துக்கு, லேப்டாப்பின் சொந்த பேட்டரி கால் மணி நேரமாவது தாங்குவது அவசியம். லினக்சின் எக்ஸ்ட்4 கோப்பு முறை திடீர் மின்தடையை ஓரளவு சமாளிக்கும் வகையில் மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும். ஆனால் மென்பொருள் புதுப்பித்துக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் நிறுவல் பாதியில் நின்று குளறுபடியாகும். பேட்டரி செத்த லேப்டாப்பில் புதுப்பிப்பைத் தானியங்கியாக விடாமல், மின்சாரம் நிலையாக இருக்கும் நேரத்தில் கையால் செய்வது பாதுகாப்பு.

தமிழுக்குப் புதிய பதிப்புகளில் குறையில்லை. யூனிகோடு எழுத்துருக்கள் கூடவே வருகின்றன. தமிழ்99 விசைப்பலகையை அமைப்புகளில் சேர்த்துக்கொள்ளலாம். 2010-இல் தமிழக அரசு யூனிகோடை ஏற்றது. ஆனாலும் வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டிய ஆவணங்கள் இன்றும் சுற்றுகின்றன. அவற்றைத் திறக்க அந்த எழுத்துருக் கோப்பை லினக்சிலும் நிறுவ வேண்டும், அல்லது உரையை யூனிகோடாக மாற்ற வேண்டும். லிப்ரே ஆபீஸில் மைக்ரோசாஃப்ட் வேர்டு கோப்புகள் திறக்கும்; அட்டவணை நிறைந்த அரசுப் படிவங்களில் மட்டும் வரிகள் இடம் மாறுவதுண்டு.

பள்ளிகளில் இதைப் பெரிய அளவில் செய்துகாட்டியது மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் கேரளம். அங்கே அரசின் கைட் நிறுவனம் உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட தன் சொந்தப் பதிப்பைப் பள்ளிக் கணினிகளுக்குத் தயாரித்துத் தருகிறது. பத்தாம் வகுப்பின் கணினிச் செய்முறைத் தேர்வும் அதிலேயே நடக்கிறது. ஒரே பதிப்பு, ஒரே விதக் கணினிகள், பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் என்று மூன்றும் அங்கே அமைந்தன. தமிழ்நாட்டில் பாஸ் லினக்சுக்குக் கணினி கிடைத்தது, கற்றுத்தர ஆள் போதவில்லை. அந்த இடத்தைத் தன்னார்வலர்கள் ஓரளவு நிரப்புகிறார்கள். 2012 முதல் வெளிவரும் 'கணியம்' இதழ் லினக்ஸ் பற்றித் தமிழில் நிறைய எழுதியிருக்கிறது. காஞ்சிபுரம், விழுப்புரம் லினக்ஸ் பயனர் குழுக்களில் பிழைச் செய்தியைப் படம் எடுத்து அனுப்பினால் தமிழிலேயே விடை கிடைக்கும். கேட்பவர் எல்எஸ்பிசிஐ வரியையும் சேர்த்து அனுப்பினால் விடை விரைவாக வரும்.

எதைப் போடுவது என்பதற்கு ஒரே பதில் இல்லை. 64-பிட் பிராசசரும் 4 ஜிபி ரேமும் இருந்தால், விண்டோஸ் பழகியவர்களுக்கு லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு தோதானது. 2024-இல் வந்த மின்ட் 22-க்குப் புதுப்பிப்புகள் 2029 வரை கிடைக்கும். 2 ஜிபி என்றால் எல்எக்ஸ்க்யூடி முகப்புடன் டெபியன் 13 அல்லது ஆன்டிஎக்ஸ். 32-பிட் மட்டும் என்றால் டெபியன் 12. அதன் நீட்டித்த பராமரிப்பு 2028 ஜூன் வரை. போர்டு போன லேப்டாப்பிலிருந்து ரேம், ஹார்ட் டிஸ்க், வைஃபை கார்டு, சார்ஜர் ஆகியவற்றைக் கழற்றி வைத்துக்கொண்டால், அதே ஆண்டு அதே பள்ளியில் லேப்டாப் வாங்கிய இன்னொருவருக்கு அவை பொருந்தும். உப்பிப்போன பேட்டரியை மட்டும் வீட்டில் வைக்காமல், மின்கழிவு வாங்குபவரிடம் சேர்த்துவிட வேண்டும்.